லோடு இல்லாத டிரான்ஸ்மிட்டர்

போன் அலறியது!

தங்கை எடுத்தாள்.

"காலைல முதல் பஸ்ஸா? வழியனுப்ப நானும் வரேன். இந்தத் தடவை கழுத்துல வெறும் தழும்போட விடமாட்டேன்..."

ஜாமீனில் வந்திருக்கும் அவள் புருஷன்!

"அக்கா... பஸ்ஸைப் பத்தி இப்பதானே பேசினோம்? அதுக்குள்ள அவனுக்கு எப்படி..."

ரேடியோ மெக்கானிக்கான அக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. இந்த அறையை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள்!

மேஜை மேல் அவள் ரிப்பேர் செய்யும் டிரான்ஸ்மிட்டர், பக்கத்தில் அவளே செய்த மீட்டர். டிரான்ஸ்மிட்டரின் பவரை அளக்க, ஒரு டயோடையும் பழைய டேப் ரெக்கார்டரின் முள்ளையும் சேர்த்துச் செய்தது. அதிலிருந்த லோடை, அதாவது டிரான்ஸ்மிட்டரின் பவரைத் தாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டரை, கழற்றினாள். ஒரு துண்டு ஒயரை ஆன்டெனாவாகச் சொருகினாள். ஒளித்து வைத்த மைக் பக்கத்தில் இருந்தால் முள் ஆடும்.

கடிகாரம்... கட்டில்... ஜன்னல்...

முள் அசையவில்லை.

"காபி ரெடி!" சமையலறையிலிருந்து அக்கா புருஷன் வந்தான்.

முள் துள்ளியது!

அவன் சட்டைப் பையில் ஒரு புதுப் பேனா. அக்கா மீட்டரை அதனருகே நீட்ட, முள் இன்னும் ஏறியது. பாவம், அவனுக்கே தெரியாமல் யாராவது மாற்றி வைத்திருப்பார்களோ?

"என்ன பெட்டி இது?" என்றான். "எனக்கு ஃப்யூஸ் மாத்தக்கூடத் தெரியாது, போ!"

"சும்மா ஒரு டெஸ்ட்டுங்க." டிரான்ஸ்மிட்டர் சுவிட்சில் விரலை வைத்தாள்.

"ஐயோ, லோடு இல்லாம ஆன் பண்ணாதே! டிரான்சிஸ்டர் புகைஞ்சிடும்!"

அக்கா விரலை எடுத்தாள்.

"ஃப்யூஸ் மாத்தத் தெரியாத மனுஷனுக்கு... இது எப்படிங்க தெரியும்?"

அவன் முகம் வெளுத்தது.

"உன் தங்கச்சி புருஷன்தான் பேனாவைக் குடுத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தான்... அவ அவன்கூடப் போயிட்டா நமக்கு நிம்மதின்னு..."

"மாமா! நீங்களா?" தங்கை கதறினாள்.

அக்கா பேனாவைப் பிடுங்கினாள். இத்தனூண்டு பேனா... இதன் சிக்னல் எவ்வளவு தூரம் போய்விடும்? நாலு சுவர் தாண்டாது. அப்படியென்றால் ஒட்டுக் கேட்பவன் இங்கேயே...

தலைக்கு மேலே, காலியாகக் கிடந்த மாடி அறையில், நாற்காலி நகர்ந்தது!

"மாடிக் கதவைப் பூட்டுடி!"

தங்கை பாய்ந்தாள். படிகளில் தடதடவென்று கால்கள்... தாழ்ப்பாள் விழுந்தது. மறுபக்கம் தங்கையின் புருஷன் முட்டி மோதினான். கதவு அதிர்ந்தது. ஆனால் திறக்கவில்லை!

அக்கா போலீசுக்குப் போன் செய்தாள். பிறகு பேனாவை வாயருகே கொண்டு போனாள்.

"நேயர்களே... இத்துடன் இன்றைய ஒலிபரப்பு நிறைவடைகிறது. அடுத்த நிகழ்ச்சி, லத்தி இசை!"