மதகைப் பூட்டியது யார்?

செவ்வாய்க் கோளின் வைகறைக் குடியிருப்பில், மாலை நான்கு மணி அடித்ததும் எல்லாரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். சோறு தின்றுகொண்டிருப்பவர் தட்டைத் தள்ளிவைப்பார். சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் பாதி வசவோடு எதிரெதிரே அமர்வார்கள். நாற்பது நிமிடம் ஒருவரும் அசையக் கூடாது. இதற்கு மூச்சடங்கு வேளை என்று பெயர்.

நிலத்துக்கு அடியில் ஐந்து தளங்கள். நாலாயிரத்து இருநூறு பேர். அவர்கள் விடும் மூச்சைச் சுத்தம் செய்யும் வடிபடலத்தைத் தினமும் ஒருமுறை கழற்றிக் கழுவியாக வேண்டும். மாட்டி முடிக்கும்வரை உள்ளே இருக்கும் காற்றுதான் காற்று. அசையாமல் இருந்தால் அது போதும்.

ஆனால் சும்மா உட்கார் என்றால் எந்த மனிதன் உட்காருவான்? குடியேறிய முதல் வருடத்திலேயே அது தெரிந்துபோயிற்று. அதன் பிறகுதான் காட்சிப் பிரிவு வந்தது. எல்லாருக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு காட்சிவித்து பதித்தார்கள். நான்கு மணிக்குக் கண்ணை மூடினால் இமைக்குள் தொடர் ஓடும். ஊரே கட்டிப்போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும்.

அன்று ஓடியது ‘ஏழாவது மதகு’, இருநூற்றுப் பன்னிரண்டாம் பகுதி. பூமியில், பழைய நாளில், ஒரு நீர்த்தேக்கத்தில் வெள்ளம் வந்தபோது யாரோ ஏழாவது மதகை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். உள்ளே வேலையாக இருந்த பொறியாளர் மூழ்கிப்போனார். பூட்டியது யார் என்று அவர் மகள் கோமளா இரண்டு வருடமாகத் தேடுகிறாள். இன்று அவள் ஒரு கதவைத் திறந்தாள். உள்ளே இருந்தவரைப் பார்த்து, “நீங்களா?” என்றாள். படம் நின்றது.

மறுநாள் நான்கு மணிக்கு, மிதக்கும் உணவகம் ஒன்றில் வேலைக்குச் சேரும் சமையல்காரியின் கதை தொடங்கியது. கோமளாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குடியிருப்பின் காற்றளவர் நப்பின்னைக்கு இது பொறுக்கவில்லை. நாற்பத்து நான்கு வயது. எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. காற்றுமானி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு காற்றுமானி வைத்திருப்பவள். மூன்று வருடத்தில் இப்படிப் பாதியில் நின்ற ஐந்தாவது தொடர் இது. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கதை எழுதியவரைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். கொலைகாரனாக நடித்தவர் ஆளுநருக்கு உறவாம். நப்பின்னை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், எதையும் நம்பவில்லை. ஆனால் காரணம் இல்லை என்பதையும் அவள் நம்பவில்லை.

அவளுடைய தம்பி கதிரவேள் ஐந்தாம் தளத்தில் பனி வெட்டுகிறவன். அந்தக் கடைசிப் பகுதி ஓடிய நாளில் மயங்கி விழுந்தவன், மறுநாள் மாலையும் மருத்துவ அறையில் கிடந்தான்.

“நேத்துக் காலையில சாப்பிடலையாம்மா உங்க தம்பி?” என்றார் மருத்துவர்.

“ரெண்டு தட்டு சாப்பிட்டான். நான்தான் போட்டேன்” என்றாள் நப்பின்னை.

கதிரவேள் கட்டிலில் படுத்தபடியே, “அத விடுக்கா. நிச்சயமா கோமளாவோட சித்தப்பன்தான் பூட்டியிருக்கான். அவன் முழியே சரியில்ல” என்றான்.

“மேலாளர்டா. அன்னைக்குச் சாவி அவர்கிட்டதான இருந்தது?”

“நிறுத்திட்டானுங்களே பாவிங்க.”

சாப்பிட்டவன் ஏன் மயங்கினான்? அது அவள் மனத்தை அரித்தது. காற்றுமானிப் பதிவில் நாளின் சராசரியைத்தான் அலுவலகம் கேட்கும். அவளும் அதைத்தான் பார்ப்பாள். மூச்சடங்கு வேளையில் அவளும் மற்றவர்களைப்போலக் கண்ணை மூடித் தொடர் பார்ப்பவள்தானே. இப்போது முதன்முறையாக அந்த நாற்பது நிமிடத்தை நிமிடம் நிமிடமாக விரித்துப் பார்த்தாள். கோமளா கதவை நெருங்கிய நேரத்தில் முள் செங்குத்தாக ஏறியிருந்தது. கெட்ட காற்று கனமானது. அது அடியில் தேங்கும். ஐந்தாம் தளத்தில் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது.

மற்ற நான்கு தொடர்கள் நின்ற தேதிகளையும் எடுத்தாள். நான்கிலும் பதிவுக் கோட்டில் அதே மலை, அதே உச்சி.

பதிவைச் சுருட்டிக்கொண்டு காட்சிப் பிரிவுத் தலைவர் தில்லைநாயகத்தின் அறைக்குப் போனாள். அவர் தாளைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“யார்கிட்டயாவது காட்டுனீங்களாம்மா?”

“ஏன் சார், காட்டியிருந்தா என்னையும் பாதியில நிறுத்திடுவீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. “கதை முடிவுக்கு வரும்போது எல்லாருக்கும் நெஞ்சு படபடக்குது. நாலாயிரம் பேர் ஒரே நேரத்துல பதறுனா, நாற்பது நிமிஷக் காத்து முப்பது நிமிஷத்துல தீர்ந்துடுது. அன்னைக்குக் கீழ்த்தளத்துல பதினோரு பேர் மயங்கிட்டாங்க. உங்க தம்பியும் ஒருத்தர். அடுத்த நாளும் தொடர்ந்து போட்டிருந்தா உயிரே போயிருக்கும்.”

“இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொல்லிட்டு முடிவைப் போட்டா இன்னும் பதறுவாங்க. சொல்லிட்டுப் போடலன்னா என்னை அடிக்க வருவாங்க.”

நப்பின்னை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்காகத்தான் பேசுகிறார். கணக்காகப் பேசுகிறவர்களிடம்தான் அவளுக்குச் சந்தேகம் அதிகம்.

“முடிவை எடுத்தே இருக்க மாட்டீங்க. அதை மறைக்க இந்தக் கதை.”

“மீதி பதினாலு பகுதியும் எடுத்தாச்சு. எனக்கு மட்டும் அதைப் பூட்டி வைக்கணும்னு ஆசையா?” அவர் குரலில் முதன்முறையாக வருத்தம் தெரிந்தது. “கடைசிப் பகுதியை நான் மட்டும் பார்த்திருக்கேன். அதைப் பத்திப் பேச இந்த ஊர்ல எனக்கு ஒரு ஆள் இல்லம்மா.”

அந்தப் பேச்சுத்தான் அவளைக் கொஞ்சம் அசைத்தது.

“அப்ப போடுங்க. அந்தப் பதினாலையும் நாற்பது நிமிஷத்துக்குள்ள சுருக்கிப் போடுங்க. ஐந்தாம் தளத்துல நல்ல காத்து அடைச்ச ரெண்டு இருப்புத் தொட்டிய நான் தயாரா வைக்கிறேன். முள்ளு சிவப்புக்கிட்ட போனா திறந்துவிடுவேன். நீங்க சொல்றது நிஜமா பொய்யான்னும் தெரிஞ்சுடும்.”

தொட்டிகளைச் செப்பனிட்டு, குழாய் இழுத்து, ஆளுநரிடம் கையெழுத்து வாங்க இருபத்தாறு நாள் ஆயிற்று. குடியிருப்பு முழுவதும் அறிவிப்புப் போயிற்று: நாளை ‘ஏழாவது மதகு’ நிறைவுப் பகுதி.

அந்த மாலை, வடிபடலம் கழுவுகிறவர்களை விட்டால், ஊரில் கண்ணைத் திறந்துகொண்டிருந்தவள் நப்பின்னை ஒருத்திதான். ஐந்தாம் தளத்தில், பனி வெட்டுகிறவர்களின் வரிசைக்குப் பின்னால், தொட்டியின் திருகில் கை வைத்தபடி முள்ளையே பார்த்திருந்தாள். தம்பியின் முதுகு இரண்டடி தள்ளித் தெரிந்தது. இதோ இப்போது கோமளா கதவுக்குள் நுழைந்திருப்பாள். இதோ இப்போது பெயரைச் சொல்லியிருப்பாள். தானும் பார்க்கலாமே என்று இமை தானாகவே தாழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழித்திருந்தாள்.

முள் ஏறவில்லை.

இருபதாம் நிமிடம் ஏறவில்லை. முப்பதாம் நிமிடம் சற்று இறங்கியது. யாரோ குறட்டை விடும் சத்தம் கேட்டது. நாற்பதாம் நிமிடம் மணி அடித்தபோது, மூன்று வருடத்தில் இவ்வளவு அமைதியான மூச்சடங்கு வேளை பதிவாகவில்லை என்று இரண்டு மானிகளும் ஒரே குரலில் சொல்லின.

தில்லைநாயகம் சொன்னது பொய்! ஏமாற்றியிருக்கிறார். நப்பின்னை எழுந்து தம்பியின் தோளைத் தொட்டாள்.

“யாருடா பூட்டுனது?”

கதிரவேள் கண்ணைக் கசக்கினான். “எதை?”

“மதகை!”

“ஓ, அதுவா? அந்த மேலாளர்... இல்ல, அவனோட மச்சான். மச்சான்தான வந்தான் கடைசில?” பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். அவன் உதட்டைப் பிதுக்கினான். இன்னொருவன், கோமளாவே பூட்டியதாகச் சொன்னான். முன்வரிசையில் இருந்த பெண், தான் வேறு யோசனையில் இருந்துவிட்டதாகச் சொன்னாள்.

“இருபத்தாறு நாளா இதுக்குத்தானடா நான் அலைஞ்சேன்! நீதான கேட்ட?”

“கேட்டேன்க்கா, இல்லங்கல. அது பழைய கதை. நேத்து அந்தச் சமையல்காரி உலைமூடியத் தொறந்தா, உள்ள ஒரு மோதிரம் கிடந்துச்சு. யாரு மோதிரம்னு இன்னைக்குத்தான் தெரியணும். நேரம் பாத்து நிறுத்திட்டு, இதக் கொண்டாந்து போடுறாங்களே, ஏன்?”

“இன்னைக்கு ஒருநாள் மட்டும்தான்டா. நாளைக்கு அது வரும்.”

“யாரு சொன்னா? தில்லைநாயகமா? நீ நம்புறியா அவரை?”

வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கோமளா கதையும் இப்படித்தான் சொல்லாமல் நின்றது என்றான் ஒருவன். உணவகத்துச் சொந்தக்காரராக நடிப்பவர் ஆளுநரின் மருமகன் என்று தனக்கு நம்பகமான இடத்திலிருந்து தெரியும் என்றான் இன்னொருவன். முன்வரிசைப் பெண் எழுந்து நின்று, மோதிரத்தை வெளியே காட்டக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருப்பதாக அடித்துச் சொன்னாள். மேல்தளங்களிலிருந்தும் படிக்கட்டு வழியே கூச்சல் இறங்கிவந்தது. கதிரவேள் நெற்றி நரம்பு புடைக்க, மூச்சு வாங்க, எல்லாரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தான்.

வடிபடலத்தை இப்போதுதான் மாட்டி முடித்திருந்தார்கள். அது காற்றைச் சுத்தம் செய்யத் தொடங்க இன்னும் பத்து நிமிடம் ஆகும். நப்பின்னை மானியைத் திரும்பிப் பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

அவள் ஓடிப்போய் இரண்டு தொட்டிகளையும் திறந்துவிட்டாள்.