கருவி திரும்பிய பக்கம்

அக்கா வாங்கிய பழைய வீட்டுக்கு, பனி விலகாத ஒரு காலையில் போய்ச் சேர்ந்தேன். பின்பக்கம் குழந்தைக்கு ஓர் அறை கட்ட வேண்டும். அனுமதி கேட்பதற்கு முன் மனையை அளந்து வரைபடம் போட வேண்டும். அளப்பது என் தொழில்.

பின்புறப் புல்வெளியில் ஸ்டாண்டை ஊன்றிக் கருவியை வைத்தேன். அதோடு சேர்ந்த அளவுக் கோலின் உச்சியில் ஒரு கண்ணாடி இருக்கும். கோலோடு ஒருவர் நடந்தால், கருவி தானாகவே திரும்பி அவரைத் தொடரும். தூரத்தைத் திரையில் காட்டும்.

கோலைப் பிடித்தவர் மாமா, அக்காவின் கணவர்.

"எங்க போனாலும் கண்ணு எம்மேலயே இருக்கு மாப்ளே. உங்கக்காவுக்கு இது ஒண்ணுவிட்ட தங்கச்சியா?"

"காதுல விழுது" என்றாள் அக்கா, ஜன்னலோரம் குழந்தையோடு.

வேலை முடிந்தது. மாமா கோலை வேனில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கருவியை அணைக்கக் கை நீட்டினேன்.

அது திரும்பியது.

மெல்ல, ஆள் நடக்கும் வேகத்தில், வேலி மூலையிலிருந்து வீட்டைப் பார்த்து. நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தது போல் ஒரு வாடை வந்தது.

"மாப்ளே... யாரப் பாக்குது அது?"

புல்வெளியில் ஒருவரும் இல்லை.

திரையில் தூரம் மாறிக்கொண்டே போய், பின்வாசலுக்கு நாங்கள் சற்று முன் அளந்த அதே எண்ணில் நின்றது.

கதவு சாத்தியே இருந்தது.

கருவி மறுபடி திரும்பியது. இப்போது ஜன்னலுக்கு நேரே.

"அக்கா, குழந்தையத் தூக்கிட்டு வெளிய வா. ஒண்ணும் கேக்காத. வா!"

முன்வாசல் வழியாகச் சுற்றி ஓடி வந்தாள். கருவியும் அவளோடு சுற்றியது. அவள் எங்களை நெருங்கியபோது திரையைப் பார்த்தேன்.

அது காட்டிய தூரம், அவளுக்கு ஓரடி பின்னால்.

அப்போதே மூவரையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கருவியின் பேட்டரியைக் கழற்றி, பெட்டியில் வைத்துப் பூட்டி, கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அக்கா குழந்தையைத் தோளில் போட்டு அறைக்குள் உலாத்தினாள். அவள் ஜன்னல் பக்கம் போனபோது, பெட்டிக்குள் மோட்டார் அசைய இடமில்லாமல் முனகியது. கதவுப் பக்கம் திரும்பியபோது மறுபடி முனகியது.

"அக்கா, கொஞ்சம் உக்காரு" என்றேன் மெதுவாக.

உட்கார்ந்துவிட்டாள். குழந்தையும் தூங்கிவிட்டது.

முனகல் நிற்கவில்லை.