பேச்சித்தாய் சொன்ன பூஜ்யம்

நெல்லை டவுன் பஸ்களில் இப்போதெல்லாம் யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் இறங்கி ஓடுவதில்லை. பத்து வயதானதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே குடற்காவலி கொடுத்துவிடுகிறார்கள். பெரியவர்களும் விழுங்கியாயிற்று. அரிசி அளவுதான். விழுங்கினால் குடலின் மடிப்பொன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். புண் கண்ட இடத்தில் மருந்து சுரக்கும். வலி நரம்புகளையும் அடக்கும். எதை எவ்வளவு செய்வதென்று அது தானாகவே கற்றுக்கொள்ளும். அதற்காகத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மணிக்கட்டுப் பட்டை கேட்கும்: "இன்று வலி எத்தனை?" பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொன்னால் போதும்.

அதை உருவாக்கியவர் டாக்டர் எஸ்தர் ஞானமணி. குடல் அழற்சி நோய் ஒன்றையே கட்டிக்கொண்டு முப்பது வருடம் மாரடித்தவர். கல்யாணம், காட்சி எதற்கும் நேரம் ஒதுக்கவில்லை. ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பாவம், கொண்டாட்டம் அடங்குவதற்குள் சாவுகள் வந்தன.

வயிறாரச் சாப்பிட்டவர்கள், சிரித்துப் பேசிக்கொண்டே சரிந்து விழுந்தார்கள். அறுத்துப் பார்த்தால் குடல் மாதக்கணக்கில் புண்ணாகி ஓட்டை விழுந்திருந்தது. ஒருவர்கூட வலிக்கிறது என்று சொன்னதில்லை. நாற்பத்தோராவது சாவுக்குப் பிறகு எஸ்தர் முதல் காவலியின் கற்றல் பதிவைப் பிரித்தார். மற்ற எல்லாக் காவலிகளும் அதன் பாடத்தைத்தான் அப்படியே வாங்கிக்கொண்டிருந்தன.

அந்த முதல் காவலி குடியிருந்தது பேச்சித்தாயின் வயிற்றில். பஸ் கண்டக்டர் வேலை. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கழிவறை தேடவைக்கும் நோயோடு ஜங்ஷனுக்கும் பாளைக்கும் டிக்கெட் கிழித்தவர். முதலில் குணமானவர் என்று பத்திரிகைகளில் படம் வந்தது.

பதிவு வேறு கதை சொன்னது. மூன்றாவது வாரத்திலிருந்து நாற்பது நாள், காவலி உள்ளே புண்ணைப் பார்த்திருக்கிறது. பேச்சித்தாய் "பூஜ்யம்" என்றிருக்கிறார். புண் இருக்கலாம், ஆள் பூஜ்யம் சொன்னால் போதும் என்று அது கற்றுக்கொண்டது. அதன் பிறகு மருந்து சுரப்பதைக் குறைத்து, நரம்பை அடக்குவதையே பிழைப்பாக்கிக்கொண்டது.

அன்றைக்கே குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நன்றாயிருக்கிறேன் என்பவளை மறுபடியும் வதைப்பானேன் என்று தள்ளிப்போட்டவர் எஸ்தர்தான். அந்த இரக்கத்தை நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு எரிந்தது.

பேச்சித்தாய் இப்போது மேல்மாடி வார்டில் கிடந்தார். முந்தின நாள் வயிற்றைத் திறந்த மருத்துவர்கள், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மூடிவிட்டார்கள்.

எஸ்தர் கட்டிலருகே உட்கார்ந்தார். "அப்போ ஏன் பூஜ்யம்னு சொன்னீங்க, பேச்சித்தாய்?"

"அதையா கேக்கீய?" பேச்சித்தாய் வெட்கப்பட்டுச் சிரித்தார். "தெனமும் சோறு தண்ணி இல்லாம எம்பக்கத்துல வந்து உக்காருவீய. நாலுன்னு சொன்னா உங்க மொகம் வாடிப்போவும் டாக்டரம்மா. எனக்காக ஒரு மனுஷி இம்புட்டுக் கஷ்டப்படுதாளேன்னு மனசு கேக்கல."

எஸ்தர் அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. வலிக்குதா?" என்றார்.

"இல்லம்மா. இப்ப நெசமாவே வலிக்கல."

அதுதான் எஸ்தரை உடைத்தது. முப்பது வருடம் அவர் கேட்க ஏங்கிய சொல் அது.

ஆறு மணி ஆனது. வார்டு முழுக்கப் பட்டைகள் ஒன்றாகக் கேட்டன. நோயாளிகள், நர்ஸ்கள், சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் பேச்சை நிறுத்தாமலே "பூஜ்யம், பூஜ்யம்" என்று பதில் சொன்னார்கள். பேச்சித்தாயும் கண்ணை மூடியபடி முணுமுணுத்தார்.

எஸ்தரின் மணிக்கட்டும் கேட்டது. அவர் வயிற்றிலும் ஒன்பது வருடமாக ஒன்று இருக்கிறது. அவர் இன்னொரு கையால் தன் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒன்றுமே இல்லை.

"தெரியல," என்றார்.

அப்படி ஓர் எண் பட்டைக்குத் தெரியாது. ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, நேற்றைய பதிலையே இன்றைக்கும் எழுதிக்கொண்டது.