புற்றுமண்ணில் கலந்தது என்ன?

டிரிங்... டிரிங்...!

1958. சங்கரன்கோவில் போலீஸ் ஸ்டேஷன்.

சப்-இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் போனை எடுத்தார். மதுரையிலிருந்து டிரங்கால். பேசியது ஒரு டாக்டர்!

"சார், உங்க ஊரு பஸ் கண்டக்டர் மருதப்பன்... கண்ணு மஞ்சளா இருக்குன்னு முந்தாநாள் வந்துட்டு ஊர் திரும்பிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஈரல் என்சைம் எட்டு மடங்கு ஏறிக் கிடக்கு!"

"சாராயமா?"

"தொட்டதே இல்லையாம். மாத்திரையும் கிடையாதாம். காலையில பொண்டாட்டி கோயில் புற்றுமண்ணைக் கரைச்சுத் தருவாளாம். அவ்வளவுதான்."

"சாமி மண்ணு யாரையும் கொல்லாதே..."

"மண்ணோட வேற ஏதாவது கலந்தா?"

ஆவுடையப்பனின் மீசை துடித்தது.

அரை மணியில் மருதப்பனும் அவன் மனைவி கோமதித்தாயும் அவர் முன்னால் நின்றார்கள். மேஜைமேல் அவர்கள் வீட்டு மண் பொட்டலம்.

பிரித்தார். மண்ணுக்குள்... வெள்ளைத் தூள்!

"இது என்னம்மா?"

அவள் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள்.

"ஏட்டி, சொல்லுட்டி! என்னையக் கொல்லவா பாத்த?"

கத்தி முடிப்பதற்குள் இருமல் வந்து மருதப்பனை மடக்கிப் போட்டது.

"சொல்லலைன்னா தூக்குமேடை வரைக்கும் போகும்!" என்றார் ஆவுடையப்பன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால்... அவள் உயிர்!

"நாந்தான் கலந்தேன் ஐயா."

"வெசமா?"

"மருந்து!"

பக்கத்தில் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு கான்ஸ்டபிளின் பேனா நின்றது.

"இவுகளுக்கு டி.பி. ஐயா. புளியங்குடி டாக்டர் மாத்திரை குடுத்தாரு. வெளிய தெரிஞ்சா பஸ்ஸுல ஏத்தமாட்டாகன்னு ஓடையில வீசிட்டாக. சாமி மண்ணுதான் குடிப்பேன்னு ஒரே பிடிவாதம். நான் திரும்பப் போயி வாங்கியாந்து... இடிச்சு... மண்ணுல..."

ஆவுடையப்பன் மதுரைக்குப் போன் போட்டார்.

"டி.பி. மாத்திரையா!" டாக்டர் கத்தினார். "டி.பி. இருக்கிறதையே மனுஷன் மறைச்சுட்டானே! சிலருக்கு அந்த மருந்தே ஈரலைப் பாதிச்சு என்சைமை ஏத்திவிடும் சார். உடனே அனுப்புங்க, வேற மருந்து தரணும். ஆனா ஒண்ணு... அவ கொடுக்காம விட்டிருந்தா டி.பி. ஆளை முடிச்சிருக்கும்!"

போனை வைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

மருதப்பன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"அப்போ... எனக்குத் தெரியாமக் கலந்தாளே, அதுக்குக் கேஸ் கெடையாதா ஐயா?"

ஆவுடையப்பன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"கொலை முயற்சிக்குச் செக்‌ஷன் இருக்கு வே. பொழைக்க வைக்கிற முயற்சிக்கு வெள்ளைக்காரன் எழுதாமப் போயிட்டானே!"