சொல்லச் சொல்லக் கரைந்த முகம்

கண்ணை மூடினால் அவன் முகம் வரவில்லை. வார்த்தைகள்தான் வந்தன. குறுகின நெற்றி. அடர்ந்த புருவம். கன்னத்தோடு ஒட்டின காது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டு மறுபடி கண்ணை இறுக மூடிப் பார்த்தாள். ம்ஹூம்.

அவள் வேலை பார்த்த மருந்துக்கடையில், முதலாளியைக் கத்தியால் குத்திச் சாய்த்துவிட்டுத் திரும்பினவன் அவளை நேருக்கு நேர் பார்த்தான். உடைந்த பாட்டில்களின் ஸ்பிரிட் நெடி, அதற்கு நடுவே அவன் மென்றுகொண்டிருந்த கிராம்பின் வாசனை, தலைக்கு மேலே டியூப்லைட்டின் ரீங்காரம், எல்லாவற்றையும் தாண்டி அந்த முகம். செத்தாலும் மறக்காது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள், படம் வரைபவரிடம் சொன்னாள், வக்கீலிடம் சொன்னாள். ஆறுதல் சொல்கிற சாக்கில் கதை கேட்க வந்த அக்கம்பக்கத்துக்காரிகளுக்கும், பாவி மகள், வாய் வலிக்க வலிக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல வார்த்தை கெட்டிப்பட்டது, முகம் கரைந்தது. ஸ்டேஷனில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் காட்டியபோது எல்லோருக்குமே நெற்றி குறுகலாகத்தான் இருந்தது.

"நல்லாப் பாருங்கம்மா. உங்களை விட்டா வேற சாட்சியே இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர்.

பார்த்தாள். தெரியவில்லை. அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு அவனைத் தெரியாது. அவனுக்கு அவளைத் தெரியும். அந்தப் பயத்தில் இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். வேலையை விட்டாள். பால் போடுகிறவர் வந்தாலும் கதவிடுக்கில் நின்று அவர் நெற்றியை அளந்தாள்.

"ஏய், வாஷிங் மெஷின் பார்க்க ஆள் வந்தாச்சு!" வாசலில் கணவன் குரல். வழியில் போகிறவன் எல்லாம் அவனுக்குச் சிநேகிதம். "தெருமுனையில நின்னுட்டிருந்தாரு, பேச்சுக் கொடுத்தேன். இந்த வேலையெல்லாம் தெரியுமாம். தங்கமான மனுஷன்."

வந்தவன் சிரித்தான். அவள் அவசரமாகப் பார்த்தாள். நெற்றி அகலம். காது கன்னத்தில் ஒட்டாமல் தனியாகத் தொங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அவன் மெஷினைத் திருப்பி, பின்னாலிருந்த குழாயைக் கழற்றினான். "இது கிழிஞ்சிருக்குண்ணே. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கதவு சாத்திக்கொண்டது.

மெஷினுக்குள் மிச்சமிருந்த தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத் துணியின் வீச்சம், சோப்பு நெடி. அதற்கடியில் இன்னொன்று.

கிராம்பு.

முகத்தை எல்லோரும் கேட்டார்கள்; சொல்லிச் சொல்லியே நெற்றியும் காதும் வேறாகிப் போயின. வாசனையை ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதனால் அது அப்படியே இருந்தது.

ஐயோ. கத்த வாயைத் திறந்தாள்.

"முடியை வெட்டிட்டீங்களாக்கா?" குனிந்தபடியே கேட்டான். "அன்னைக்கு நீளமா பின்னியிருந்தீங்க."

எழுந்தான். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"உங்க முகத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்லைக்கா. அதான் மறக்கலை."

அவள் பார்த்தாள். வெறித்துப் பார்த்தாள். கண் இருந்தது. மூக்கு இருந்தது. கிராம்பு மெல்லும் வாய் இருந்தது.

முகம்தான் இல்லை.