வெறுமையாய்க் கிடந்த கட்டம்

விடிந்தும் விடியாமலும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் காம்பராவுக்குள் சண்டை மூண்டுவிட்டது.

"இந்த வீட்டுப் புள்ளைக்கு ஊசி வேணாம்னா வேணாந்தான். நிரோஷன வாரிக் குடுத்தது போதும்," என்றாள் நாகலெட்சுமி. பேத்தி தனுஷிகாவின் கிளினிக் அட்டை தகரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிச் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

அடுப்படியில் ரொட்டியைத் திருப்பிப் போட்ட வினோதாவுக்கு மாமியாரிடம் கெஞ்சிக் கெஞ்சி வாய் ஓய்ந்து போயிருந்தது. பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. கீழ் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குச் சின்னமுத்து அம்மை போட்டிருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் மாதத்துக்கு ஒரு நாள்தான் ஊசி. அந்த நாள் இன்றைக்குத்தான்.

"கீழ பரவுதுங்க மாமி... பாப்பாவுக்கும் வந்துட்டா?"

"மாரியாத்தா வந்தா வேப்பிலைக்கு எறங்கிப் போவா. ஊசி உயிரயில்ல எடுக்குது. ஒரு புள்ளையக் கொண்டுபோயி கொன்னது ஒனக்குப் பத்தாதா?"

இரண்டு வருஷமாக இதே பேச்சு. மூத்த மருமகள் நிஷாந்தியின் மகன் நிரோஷனை அன்றைக்குக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனவள் வினோதாதான். மூன்றாம் நாள் பிள்ளை செத்துப்போனது. ஊசிதான் கொன்றது என்று லயமே முடிவு கட்டியது. வினோதா வாயைத் திறக்கவில்லை.

நடந்ததோ வேறு. பிள்ளையைத் தொட்டுப் பார்த்த மிட்வைப் மிஸ் ஊசியே போடவில்லை. காய்ச்சல் கொதிக்கிறது, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நிஷாந்தியைத் தேடி வினோதா பிள்ளையோடு மலைக்கு ஓடினாள். பாதி நாளில் இறங்கினால் சம்பளக் கணக்கில் பேர் விழாது, அன்றைய உழைப்பெல்லாம் வீண். "அந்திக்குப் பாத்துக்கலாம் தங்கச்சி, சுக்குத்தண்ணி குடு," என்றாள் நிஷாந்தி. அந்திக்கு மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று நிஷாந்தி அவள் கையைப் பிடித்தாள். "சொல்லிறாத தங்கச்சி... நாந்தான் காரணம்னு தெரிஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்." தாயாவது பிழைக்கட்டும் என்று வினோதா பழியைத் தலையில் ஏற்றுக்கொண்டாள். அது தன் பிள்ளையின் கழுத்திலேயே வந்து நிற்கும் என்று யார் கண்டது?

ரொட்டியை இறக்கி வைத்துவிட்டு, கொழும்பில் கடை வேலை பார்க்கும் புருஷன் விஜிதரனுக்குப் போன் போட்டாள். "அம்மா சொல்றபடி நட. நான் இங்கருந்து என்ன செய்ய?" என்று வைத்துவிட்டான். நல்ல மனிதன்தான், அம்மா பேச்சென்றால் மட்டும் வாயில்லாப் பூச்சி.

வினோதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அட்ட இல்லாமலே போறேங்க மாமி."

"போ. ஊசியோட திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காத."

எங்கே போவது? பிறந்த ஊரான உடப்புசல்லாவையில் அவளைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை. அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சோறு தின்பது? ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். எதிரே நிஷாந்தி கூடையோடு வேலைக்குக் கிளம்பி நின்றாள். சொன்னால் அக்கா போவாள், சொல்லாவிட்டால் பிள்ளை.

"எனக்குப் போக்கிடம் இல்லீங்க மாமி," என்று படியிலேயே உட்கார்ந்து பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள்.

நிஷாந்தி கூடையை இறக்கி வைத்தாள். உள்ளே போய்த் துணிகளுக்கு அடியிலிருந்து நிரோஷனின் அட்டையை எடுத்துவந்து மாமியாரின் மடியில் விரித்தாள்.

"பாருங்க மாமி. போட்ட ஊசிக்கெல்லாம் திகதி இருக்கு. இந்தக் கட்டம் வெறுமையா கெடக்கு. அன்னைக்கு எம்புள்ளைக்கு ஊசியே போடல."

"சிங்களத்துல எழுதியிருக்கு... எனக்கென்னடி தெரியும்?"

"எழுத்துத் தெரிய வேணாம். வெறுங்கட்டம் தெரியுதில்ல? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க மாமி. பேர் போயிரும்னு நாந்தான்... நாந்தான் மாமி. எனக்காக இவ ரெண்டு வருஷமா ஏச்சு வாங்குறா."

நாகலெட்சுமி அந்தக் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அடி விழப்போகிறது என்றுதான் வினோதா பயந்தாள். கிழவி நிஷாந்தியின் தலையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"பேர் போயிரும்னு நானும் காச்சப் புள்ளைகளப் போட்டுட்டு மலைக்கு ஓடுனவதான்டி. எம்புள்ளைக பொழைச்சிச்சு, ஒம்புள்ள பொழைக்கல... அவ்வளவுதான்." பிறகு சின்ன மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் ஆத்தா வாயத் தொறக்கல?"

"அக்காவும் போயிருவாங்கன்னு பயந்துட்டேங்க மாமி."

"ஒன்ன என்னென்ன பேசிட்டேன்..." இடுப்புச் சாவியை அவிழ்த்து வினோதாவின் கையில் வைத்தாள். மூன்று பேரும் அந்தப் படியிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அன்றைக்கு நிஷாந்தி, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. பிள்ளைக்காம்பராவில் யார் பிள்ளையைப் பிடிப்பது என்று மிஸ் கேட்டபோது வினோதா, "நீங்க புடிங்கக்கா," என்றாள்.

ஊசி ஏறியதும் தனுஷிகா வீரிட்டாள். அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிஷாந்தியும் விம்மினாள். மிஸ் அட்டையை எடுத்துத் திகதி எழுதக் குனிந்தார். நாகலெட்சுமி அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"நல்லா அழுத்தி எழுதுங்க மிஸ்," என்றாள்.