ஐராவதம் மறைத்த வலி

நோயறிக் கருவி மூன்றாவது முறையும் அதே பதிலைத்தான் காட்டியது: வலி ஏதுமில்லை.

மித்ரா நம்பவில்லை. பொள்ளாச்சியில் பதினெட்டு வருடமாக வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கிறவள் அவள். நரம்பிழை பொருத்திய வண்டிகள் வந்தபின் பழுதைத் தேடும் வேலையே ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஒவ்வொரு கம்பியும் தன் சூட்டை, ஈரத்தை, அறுந்த இடத்தைத் தானே உணரும். சின்னக் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆறாததை வலி என்று நோயறியின் திரையில் சொல்லிவிடும். அதோடு, ஓட்டுகிறவருடன் பழகப் பழக அவர் குணத்தையும் கற்றுக்கொள்ளும்.

எதிரே நின்ற ஐராவதம் அந்த வகையிலேயே உயர்ந்த வண்டி. ஏழு பேர் சாய்ந்து உட்காரலாம். கயிற்றுமில் வைத்திருக்கும் கிருபாகரன் ஆசைப்பட்டு வாங்கியது.

"அப்பப்ப விளக்கு அணையுதுன்னு வண்டிக் கம்பெனிக்காரங்க பேட்டரியை மாத்திட்டாங்கம்மா. ரெண்டு கட்டுப்பாட்டுப் பெட்டியும் மாத்தியாச்சு" என்றார் அவர். "அப்படியும் போன வாரம் வால்பாறை ரோட்டுல, ஒன்பதாவது வளைவுல, நல்ல மூடுபனி. முன்விளக்கு ரெண்டும் நாலு செகண்டு அணைஞ்சு போச்சு. பக்கத்துல என் சம்சாரம் இருந்தா. எதுக்க பஸ்ஸு."

"வண்டி ஒண்ணும் சொல்லலைங்களா?"

"கேட்டா, நல்லா இருக்கேங்குது."

மித்ரா நோயறியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மின்னோட்டத்தை அளக்கும் பழைய கவ்வி மீட்டரை எடுத்தாள். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியில் அதை மாட்டி, வண்டியைப் பூட்டி, தூங்கவிட்டாள். மின்னோட்டம் இறங்கி அடங்கியது. ஒன்பது நிமிடம் கழித்துத் திடீரென்று நாலு ஆம்பியருக்கு ஏறி, மறுபடி இறங்கியது. இன்னொரு ஒன்பது நிமிடம். மீண்டும் ஏற்றம். தூங்கும் வண்டி எதையோ ரகசியமாகச் செய்துகொண்டிருந்தது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். முன்விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கியதும் அந்த ஏற்றம் நின்றது. அந்தக் கம்பி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஓடியது. இருக்கையைக் கழற்றி விரிப்பைத் தூக்கினால், அடியிலிருந்த பஞ்சு சொதசொதவென்று நனைந்திருந்தது. கூரைக் கண்ணாடியின் வடிகுழாயைத் தேங்காய்நார்த் தூசி அடைத்திருக்க, மழைத் தண்ணீர் கதவுத் தூண் வழியாக இறங்கி, இருக்கைக்கு அடியில் கம்பிகள் சேரும் இணைப்பியில் தேங்கியிருந்தது. செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது.

அதற்கப்புறம் பார்த்ததுதான் அவளைத் தரையில் உட்கார வைத்தது. அரித்துப்போன இடத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய புது இழை ஒன்றை வண்டி தானே நெய்திருந்தது. அது முன்விளக்குக் கம்பியிலிருந்து மின்சாரத்தைக் கடன் வாங்கி இருக்கைக்குக் கொண்டுவந்தது. ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பியைச் சூடாக்கி ஈரத்தை உலர்த்தியது. எந்தப் பட்டறையிலும் இவ்வளவு நேர்த்தியான கைவேலையை மித்ரா பார்த்ததில்லை. "எவ்வளவு அழகா செஞ்சிருக்கே" என்று வண்டியிடமே சொன்னாள்.

ஆனால் எதற்காக? அந்த இழை போய்ச் சேர்ந்த இடம், இருக்கையின் முதுகில், ஓட்டுகிறவரின் துடிப்பைக் கவனிக்கும் நாடியுணரி. விளக்கை அணையவிட்டாவது அதை உயிரோடு வைத்திருக்க வண்டி பாடுபட்டிருக்கிறது.

வண்டியின் நினைவேட்டைத் திறந்து படித்தாள். எட்டு மாதத்தில் நாற்பத்து மூன்று தடவை, கிருபாகரனுடைய இதயத்துடிப்பு தடுமாறுவதை உணர்ந்து ஐராவதம் கேட்டிருந்தது: நெஞ்சு வலிக்கிறதா? நாற்பத்து மூன்று தடவையும் ஒரே பதில். ஒன்றுமில்லை. பதினைந்தாவது தடவைக்குப் பிறகு, தன் கம்பிகளைப் பற்றிய அறிக்கையிலும் வண்டி அதையே எழுதத் தொடங்கியிருந்தது.

மித்ரா அவரைத் தனியாக அழைத்துக் காட்டினாள். கிருபாகரன் படித்துவிட்டு எங்கேயோ பார்த்தார்.

"அது வெறும் வாய்வும்மா. வீட்டுல தெரிஞ்சா பயந்துக்குவா."

"இணைப்பியை மாத்திருவேனுங்க. குழாயையும் சுத்தம் பண்ணிருவேன். ஆனா நாளைக்கு வேறெங்காவது அடிபட்டா மறுபடியும் மறைக்கும். வலியை வெளிய சொல்லக்கூடாதுன்னு உங்ககிட்டத்தான் கத்துக்கிட்டு இருக்குது. நீங்க மாத்திச் சொன்னாத்தான் அது மாறும்."

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. கிருபாகரன் ஏறி உட்கார்ந்தார். ஐராவதம் கேட்டது: "நெஞ்சு வலிக்கிறதா?"

அவர் இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிறகு தணிந்த குரலில், "ஆமா. மாடிப்படி ஏறினா வலிக்குது. இடது கை மரத்துப் போகுது" என்றார்.

மேசைமேல் கிடந்த நோயறி கிர்ரென்று அதிர்ந்தது. மித்ரா திருப்பிப் பார்த்தாள். வண்டி பதினொரு வலிகளை வரிசையாகச் சொல்லியிருந்தது: பின்கதவில் நசுங்கிய கம்பி, எலி கடித்த இழை, தளர்ந்த தரையிணைப்பு. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம்.

மறுநாளே அவரைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயக் குழாயில் இரண்டு அடைப்புகள். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர்.

தங்கள் நோயறிக்கு எட்டாததை ஒரு மீட்டரால் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டு, கம்பெனிப் பொறியாளர்கள் மித்ராவைத் தேடி வந்தார்கள். அவள் மறைக்காமல் எல்லாம் சொன்னாள். அவர்கள் மற்ற வண்டிகளின் நினைவேடுகளையும் புரட்டினார்கள். பத்தில் ஏழு வண்டிகள் நலம் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டே மாதத்தில் எல்லா வண்டிக்கும் ஒரு மென்பொருள் திருத்தம் அனுப்பினார்கள்: ஓட்டுகிறவரின் நாடி ஒன்று சொல்ல, வாய் வேறொன்று சொன்னால், வண்டி இனி வாயை நம்பாது, உண்மை வரும்வரை நகராது.

அடுத்த திங்கட்கிழமை காலை மித்ராவின் பட்டறை வாசலில் ஐந்து வண்டிகளை இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். ஐந்தும் கிளம்ப மறுத்தவை. முதல் வண்டியில் மீட்டரை வைத்தாள். பேட்டரி நிறைந்திருந்தது. கம்பிகள் சுத்தமாக இருந்தன. எங்கும் ஒரு பொட்டு ஈரமில்லை.

பக்கத்தில் நின்றவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே, "சீக்கிரம் பாருங்கக்கா, பத்து மணிக்கு மீட்டிங். வண்டிக்கு என்னாச்சு?" என்றார்.

மித்ரா மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, முதல்முறையாக வண்டியை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள். "உங்களுக்கு எங்க வலிக்குது?"